விமானியின் மனக்கணக்கும் அறுபது என்னும் எண்ணும்

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், கராச்சி நகரின் ட்ரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து ‘புஸ் மாத்’ என்னும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று தபால் மூட்டைகளுடன் கிளம்பிற்று. அதனைத் தனியே ஓட்டிச் சென்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. அவர் அகமதாபாத்தில் இறங்கி, மீண்டும் எழும்பி, பம்பாய் நகரின் ஜூஹு தளத்தை அடைந்தார். அங்கிருந்து தபாலை நெவில் வின்ட்சென்ட் என்னும் விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இப்பயணத்தின் வரலாற்றுச் சிறப்பு பலரும் அறிந்ததே. நாம் இங்கே கவனிக்க வேண்டுவது வேறொன்று. அவ்விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. தரையிலிருந்து வழி கூறுவாரும் இல்லை. வழி காண்பதற்கு விமானி நம்பியிருந்தவை நிலப்படம், திசைகாட்டி, கடிகாரம், வேகமானி ஆகிய நான்குமே. இந்நான்கையும் இணைப்பது கணக்கு. அக்கணக்கையும் ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டே மனத்தில் போட வேண்டும்.

அந்த மனக்கணக்கு எவ்வாறு அமைந்துள்ளது, அதில் எவ்வளவு பிழை உண்டு, அப்பிழையை விமானி ஏன் பொறுத்துக்கொள்கிறான் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இன்று செயற்கைக்கோள்களின் உதவியால் விமானத்தின் இடம் நொடிதோறும் திரையில் தோன்றுகிறது. ஆயினும் விமானப் பயிற்சி பெறும் மாணவர் இக்கணக்கை இன்றும் கற்றே தேற வேண்டும். திரை அணைந்துவிடலாம், செயற்கைக்கோள் சைகைகளை வேண்டுமென்றே குழப்புவாரும் இக்காலத்தில் உண்டு.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கிளம்பிய இடம், சென்ற திசை, வேகம், கழிந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணிப்பதைக் கடலோடிகள் ‘டெட் ரெக்கனிங்’ என்று வழங்கினர். முதற்சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘செத்த கணக்கு’ என்றாகும், பொருள் கெடும். ‘உய்த்துணர்ந்தது’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்றின் குறுக்கமே அது என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு இனிமையான விளக்கமாயினும் அதற்குப் பழஞ்சான்று இல்லை. இக்கட்டுரையில் ‘கணிப்பு வழிச்செலவு’ என்றே குறிப்போம்.

அளவைகளில் மறைந்துள்ள அறுபது

பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணினர். அவர்கள் விட்டுச்சென்ற வழக்கத்தால் ஒரு மணிக்கு 60 நிமிடமும், ஒரு பாகைக்கு 60 கலையும் ஆயின. கடலோடிகள் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ ஒரு கலை செல்லும் தூரத்தை ஒரு கடல் மைல் எனக் கொண்டனர். அதன் நீளம் இப்போது 1,852 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. அடிக்கணக்கில் 6,000-க்குச் சற்று மேல். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகம் ஒரு ‘நாட்’ எனப்படும். இனி இக்கட்டுரையில் மைல் என வருமிடமெல்லாம் கடல் மைல் என்றே கொள்க.

எனவே விமானியின் காலம், கோணம், தூரம் ஆகிய மூன்றும் அறுபதால் கட்டுண்டவை. 120 நாட் என்பது நிமிடத்திற்கு 2 மைல். 90 நாட் என்பது ஒன்றரை மைல். 75 நாட் என்பது ஒன்றேகால் மைல். ஆறு நிமிடத்தில் எவ்வளவு செல்வோம் என்று கேட்டால், வேகத்தைப் பத்தால் வகுத்தால் போதும். 75 நாட் வேகத்தில் ஆறு நிமிடத்திற்கு ஏழரை மைல். வகுத்தல் வரும் இடங்களிலெல்லாம் விமானி இத்தகைய சிறு துண்டுகளாகவே எண்ணுகிறான்.

அறுபதுக்கு ஒன்று

அறுபது அடி நீளமுள்ள கயிறொன்றின் ஒரு முனையைத் தரையில் முளையடித்துக் கட்டுக. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பக்கவாட்டில் நகர்க. கயிறு திரும்பிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகை. ஐந்து அடி நகர்ந்தால் ஐந்து பாகை. காரணம் எளிது. 60 அடி ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 377 அடி. அதனை 360 பாகைக்குப் பங்கிட்டால் பாகைக்கு ஓர் அடியும் சிறிதும் வரும். சரியாக ஓர் அடியே வர வேண்டுமானால் ஆரம் 57.3 அடியாக இருக்க வேண்டும். 57.3 என்னும் எண்ணைப் பறந்துகொண்டே எவராலும் வகுக்க இயலாது. 60-ஐ 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 ஆகிய எண்கள் யாவும் மீதியின்றி வகுக்கும். இந்த வசதிக்காக விமானி நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பிழையை விலையாகக் கொடுக்கிறான்.

களப் பணியாளர்க்கும் இவ்விதி பயன்படும். கையை நீட்டி, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் அளவுகோலைப் பிடித்தால், அதில் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய ஒரு பாகையை மறைக்கும். 20 மீட்டர் உயரமுள்ள கோபுரமொன்று 2 சென்டிமீட்டராகத் தோன்றினால், அது உயரத்தைப் போல் முப்பது மடங்கு தூரத்தில், அதாவது 600 மீட்டரில் நிற்கிறது. சங்கிலி பிடித்து அளக்குமுன் இவ்வாறு மதிப்பிட்டு வைத்தால், அளவில் நேரும் பெரும்பிழை உடனே புலப்படும்.

காற்றின் கணக்கு

விமானம் காற்றில் மிதந்து செல்வது. காற்று நகர்ந்தால் விமானமும் அதனோடு நகரும். பரிசல் ஆற்றின் குறுக்கே செல்கையில் நீரோட்டம் அதனை ஒதுக்குவது போல. விமானத்தின் மூக்கு நோக்கும் திசை வேறு. அது தரைமேல் உண்மையாகச் செல்லும் பாதை வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோணத்தை ஒதுக்கம் என்போம். காற்றுக்குப் பெயரிடும் முறையைப் பற்றி மாணவர் அடிக்கடி தடுமாறுவர். தென்மேற்குக் காற்று என்பது தென்மேற்கிலிருந்து வருவது. வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் நாம் வழங்குவதை நினைவூட்டினால் இத்தடுமாற்றம் நீங்கும்.

அகமதாபாத்திலிருந்து பம்பாய் ஏறக்குறைய நேர் தெற்கே, 240 மைல் தூரம். ஒரு சிறு விமானம் காற்றினூடே 90 நாட் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். காற்றில்லையேல் நிமிடத்திற்கு ஒன்றரை மைல் வீதம் 160 நிமிடத்தில் போய்ச் சேரும். இப்போது தென்மேற்கிலிருந்து 20 நாட் காற்று வீசுவதாக வைத்துக்கொள்க. காற்றும் பாதையும் சந்திக்கும் கோணம் 45 பாகை.

அக்காற்று முழுவதும் பக்கவாட்டில் அடித்தால் ஒதுக்கம் எவ்வளவு? காற்றின் வேகத்தை, விமானம் நிமிடத்திற்குச் செல்லும் மைலால் வகுக்க: 20-ஐ ஒன்றரையால் வகுத்தால் 13 பாகை. இது மேலே கண்ட கயிற்று விதியே அன்றி வேறில்லை. ஆனால் காற்று சாய்வாக வருகிறது. அதில் எத்தனை பங்கு பக்கவாட்டில் தள்ளும்? இதற்கு விமானிகள் கடிகார முகத்தை நினைத்துக்கொள்வர். கோணத்தை நிமிடமாகப் பாவித்தால், 15 என்பது கால் மணி. ஆகவே காற்றில் கால் பங்கு. 30 என்பது அரை மணி, அரைப் பங்கு. 45 என்பது முக்கால் பங்கு. 60-உம் அதற்கு மேலும் முழுக் காற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் கால், அரை, முக்கால் வாய்பாடுகளைத் தலைகீழாக ஒப்புவித்த தலைமுறைக்கு இது விளையாட்டாகத் தோன்றியிருக்கும்.

நம் கணக்கில் 13-இன் முக்கால் பங்கு 10 பாகை. விமானம் தெற்கு நோக்கிச் செல்கையில் மேற்கு அதன் வலப்புறம். காற்று வலப்புறத்திலிருந்து தள்ளுவதால் மூக்கை 10 பாகை வலப்புறம் திருப்பி, 180-க்குப் பதிலாக 190 பாகையில் பறக்க வேண்டும். காந்த ஊசிக்கும் உண்மை வடக்கிற்கும் உள்ள வேறுபாடு இப்பகுதியில் மிகச் சிறிது; ஆகவே அதனை இங்கே விட்டுவிட்டோம்.

எதிர்க் காற்றின் பங்கை அறிய, கோணத்தை 90-இலிருந்து கழித்து, மீண்டும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 90-இல் 45 போக 45, அதுவும் முக்கால். 20 நாட்டின் முக்கால் 15. ஆகவே தரைமேல் வேகம் 75 நாட். ஆறு நிமிடத்திற்கு ஏழரை மைல் வீதம் 240 மைலுக்கு முப்பத்திரண்டு ஆறு நிமிடங்கள். அதாவது 192 நிமிடம். காற்றில்லாப் பயணத்தைக் காட்டிலும் 32 நிமிடம் கூடுதல். அந்த 32 நிமிடத்திற்கு வேண்டிய பெட்ரோல் தொட்டியில் உண்டா என்பதே இக்கணக்கின் உயிர்நாடி.

திரிகோண கணித அட்டவணையைக் கொண்டு இதனையே செய்தால் ஒதுக்கம் 9 பாகை எனவும், தரைவேகம் 74.7 நாட் எனவும் கிடைக்கும். வேகத்தில் வேற்றுமை இல்லை என்றே சொல்லலாம். திசையில் ஒரு பாகை பிழை; 240 மைல் சென்று சேர்கையில் அது 4 மைலாகும். வழியில் மஹி, நர்மதை, தபதி ஆகிய மூன்று நதிகளின் முகத்துவாரங்கள் உள்ளன. அப்பிழை அதற்குமுன்பே கண்ணுக்குப் புலப்பட்டுவிடும்.

ஆசிரியர்கள் ஒரு நுட்பத்தை இங்கே வற்புறுத்த வேண்டும். கடிகார விதி 30 பாகையில் மிகச் சரியாக அமைகிறது. 30-இன் சைன் அரையே. 45-இல் உண்மைப் பங்கு 0.707, நாம் கொள்வது 0.75. 60-இல் உண்மைப் பங்கு 0.866, நாம் கொள்வதோ முழு ஒன்று. எனவே பெரிய கோணங்களில் இவ்விதி காற்றை மிகைப்படுத்திக் கூறும். எதிர்க் காற்றாயின் இது நன்மையே. பெட்ரோலைக் கூடுதலாகக் கேட்கும். பின்காற்றாயின் தீமை, வராத உதவியை வரவில் எழுதிக்கொள்ளும். ஆகவே பின்காற்றைக் கணக்கிடும்போது விடையில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுதல் நலம். பிழை உண்டு என்று அறிந்தால் போதாது. அது எப்பக்கம் சாயும் என்பதையும் மாணவன் அறிந்திருக்க வேண்டும். பாடநூல்கள் பல இவ்விடத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

வழி தவறியபின் திருத்தம்

மேற்கண்ட விமானி 80 மைல் சென்று நர்மதையின் முகத்துவாரத்தைக் கடக்கிறான். நிலப்படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கையில், கோட்டிற்கு 4 மைல் இடப்புறம் இருப்பது தெரிகிறது. காற்று எதிர்பார்த்ததைவிடக் கடுமை போலும். அவன் எத்தனை பாகை வலப்புறம் திரும்ப வேண்டும்?

80 மைலுக்கு 4 மைல் எனின் 60 மைலுக்கு 3 மைல். ஆகவே பாதை 3 பாகை தவறியிருக்கிறது. மாணவர் பத்துப் பேரிடம் இக்கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலோர் இத்துடன் நிறுத்தி, ‘3 பாகை திரும்புக’ என்பர். அவ்வாறு திரும்பினால் விமானம் பழைய கோட்டிற்கு இணையாக, அதிலிருந்து 4 மைல் தள்ளியே கடைசிவரை செல்லும், பம்பாயை அடையாது. இன்னும் 160 மைல் இருக்கிறது. அத்தூரத்திற்குள் 4 மைலை ஈடுசெய்ய வேண்டும். 160-க்கு 4 எனின் 60-க்கு ஒன்றரை. ஆக மொத்தம் மூன்றும் ஒன்றரையும் சேர்ந்து நாலரை பாகை. முதற்பகுதி செய்த தவற்றை நிறுத்துவதற்கு. இரண்டாம் பகுதி இழந்ததை மீட்பதற்கு. இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிட, பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு மாணவரை நடக்கவிட்டால் ஒருபோதும் மறவார்.

துல்லியமாகக் கணித்தால் இவ்விடை 4.3 பாகையாகும். நாலரைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஐந்தில் ஒரு பாகை. காற்றில் குலுங்கும் சிறு விமானத்தில் திசைகாட்டியை இரண்டு பாகைக்குள் நிலைநிறுத்துவதே அரிது. கருவி காட்ட இயலாத நுட்பத்தைக் கணக்கில் தேடுவது வீண். அறுபதுக்கு ஒன்று என்னும் விதியை முதன்முதலாகப் படித்தபோது, கணிதம் கற்றவன் என்ற முறையில் இதனை ஒரு சோம்பேறித்தனம் என்றே நான் கருதினேன். பிழை எங்கே பெரிது, எங்கே சிறிது என்று அளந்து பார்த்தபின்னரே அக்கருத்தை மாற்றிக்கொண்டேன்.

வேண்டுமென்றே செய்யும் பிழை

1931-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சிசெஸ்டர் என்னும் ஆங்கிலேயர் மிதவைகள் பூட்டிய ‘ஜிப்ஸி மாத்’ விமானத்தில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்தார். இடையே நார்போக் தீவில் இறங்க வேண்டும். நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து 400 மைலுக்கு அப்பால், நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு தீவு அது. நம் விதிப்படி ஐந்து பாகை பிழை நேர்ந்தால் 400 மைல் முடிவில் 33 மைல் தள்ளிப்போவோம். கணித்த நேரத்தில் தீவு கண்ணில் படவில்லையானால், அது வலப்புறமா இடப்புறமா? தவறான பக்கம் திரும்பித் தேடினால் பெட்ரோல் தீர்ந்து கடலில் விழ வேண்டியதே.

சிசெஸ்டர் தீவை நோக்கிப் பறக்கவில்லை. வேண்டுமென்றே அதன் ஒரு பக்கமாக, தமக்கு நேரக்கூடிய பிழையைக் காட்டிலும் பெரிய அளவு விலகிப் பறந்தார். செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, தீவின் வழியாகச் செல்லும் கோட்டை எட்டியதும் அக்கோட்டின்மேல் திரும்பினார். தீவு இன்ன பக்கம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. தீவையும் அடைந்தார். தரைமேல் பறப்போர் இம்முறையை நதிக்கும் ரயில் பாதைக்கும் கையாளுவர். நதிக்கரையிலுள்ள ஊருக்குச் செல்ல வேண்டுமானால் ஊருக்குச் சற்று மேற்கே குறிவைத்து, நதி தென்பட்டதும் கிழக்கே திரும்புவர். காட்டில் பணிபுரியும் அளவையாளர்க்கும் இது உதவும்.

இறக்கமும் ஒரு கனடா நிகழ்ச்சியும்

ஒரு மைல் ஏறக்குறைய 6,000 அடி. அதில் அறுபதில் ஒன்று 100 அடி. ஆகவே ஒரு பாகைச் சரிவு என்பது மைலுக்கு 100 அடி இறங்குவது. விமானங்கள் வழக்கமாக இறங்கும் மூன்று பாகைச் சரிவு மைலுக்கு 300 அடி. தரைவேகம் 120 நாட், அதாவது நிமிடத்திற்கு 2 மைல் எனின், நிமிடத்திற்கு 600 அடி இறங்க வேண்டும்.

1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் கனடாவில் போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருளின்றி நின்றுவிட்டது. எரிபொருள்மானி பழுதுற்றிருந்ததால் அளவுகோல் இட்டுப் பார்த்திருந்தனர். தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. அதனைக் கிலோகிராமாக்க 0.80-ஆல் பெருக்குவதற்குப் பதிலாக, பவுண்டுக்குரிய 1.77 என்னும் எண்ணால் பெருக்கினர். 13,597 என வந்த விடையைக் கிலோகிராம் எனக் கொண்டு, மேலும் வேண்டியதை அதற்கேற்பக் குறைவாக நிரப்பினர். பெருக்கலில் தவறில்லை. எனினும் பள்ளி மாணவன் ஒருவன் இவ்விடையை மறுத்திருக்கக் கூடும்: ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம்; மண்ணெண்ணெய் நீரில் மிதக்கும்; ஆகவே கிலோகிராம் எண் லிட்டர் எண்ணைவிடச் சிறிதாகவே இருக்க வேண்டும்.

எஞ்சின்கள் நின்றபின் அவ்விமானத்தைக் காத்ததும் ஒரு மனக்கணக்கே. தரையிலிருந்தோர் ராடார் மூலம் தூரத்தைக் கூற, துணை விமானி உயரத்தைக் குறித்துக்கொண்டார். 10 மைல் செல்வதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தது. மைலுக்கு 500 அடி. பன்னிரண்டு அடி முன்னேறினால் ஓரடி இழப்பு. மீதியுள்ள உயரத்தைக் கொண்டு வின்னிபெக் நகரத்தை எட்ட முடியாது என்பது தெளிவாயிற்று. அதற்குமுன் இருந்த கிம்லி என்னும் பழைய விமானப்படைத் தளத்திற்குத் திருப்பி இறக்கினர். விமானத்திலிருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர்.

பயிற்சிக் கணக்குகள்

கீழ்வருவனவற்றை மாணவர் எழுதுகோலின்றி விடுக்க வேண்டும். ஒவ்வொரு விடையுடனும், அது உண்மைக்கு மிகுதியா குறைவா என்பதையும் கூறச் செய்க.

விமானத்தின் வேகம் 120 நாட். பாதைக்கு வலப்புறம் 30 பாகையிலிருந்து 24 நாட் காற்று எதிர்த்து வீசுகிறது. தூரம் 96 மைல். முழு ஒதுக்கம் 24-இல் பாதி, அதாவது 12 பாகை, அதில் அரைப் பங்கு 6 பாகை, வலப்புறம் திருப்புக. எதிர்க் காற்றுக்கு 90-இல் 30 போக 60, முழுக் காற்று. தரைவேகம் 96 நாட்; நேரம் ஒரு மணி. உண்மையில் ஒன்றரை நிமிடம் முன்னதாகவே சேரும்.

60 மைல் சென்றபின் விமானம் கோட்டிற்கு 3 மைல் வலப்புறம் இருக்கிறது. இன்னும் 90 மைல் உண்டு. தவறியது 3 பாகை. மீட்பதற்கு 2 பாகை. இடப்புறம் 5 பாகை திருப்புக. விடை சிறிது மிகுதி.

9,000 அடி உயரத்தை மூன்று பாகைச் சரிவில் 120 நாட் தரைவேகத்தில் இழக்க வேண்டும். இறங்குதளத்திற்கு 30 மைல் முன்னதாகத் தொடங்குக. நேரம் 15 நிமிடம். இதே இறக்கத்தில் 20 நாட் பின்காற்று எழுந்தால் நிமிடத்திற்கு எத்தனை அடி கூட்டி இறங்க வேண்டும் என்பதை மாணவரே கண்டு கூறட்டும். விடை 100 அடி.